ரீவி ரீச்சரும் குறைந்துகொண்டே வந்த நிமிடங்களும்

சின்னப் பிள்ளைகளுக்கு ரீவியில் படிப்பிப்பது, பிள்ளையின் முகத்தைக் காணாமலே பிள்ளையோடு கதைக்கிற வேலை. முன்பள்ளி ரீச்சர்மாரே, மூன்று வயதுப் பிள்ளைக்குச் சோறு தீத்துகிற தாய்மாரே, நீங்கள் படுகிற பாடுதான் நான் படுவதும். என்ன, பிள்ளை எழும்பி ஓடினால் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இயங்குகிற சின்ன அலைவரிசை ஒன்றில் பதினெட்டு வருசமாக இந்த வேலையில் இருக்கிறேன்.

கரும்பலகைக் காலம்

தொடக்கத்தில் நிகழ்ச்சி அரை மணித்தியாலம். ஒரு கரும்பலகை, ஒரு கதிரை, நான். முன்பள்ளியில் படிப்பித்த மாதிரியே படிப்பித்தேன். தயாரிப்பாளர் செல்வராசா ஒருநாள், “பிள்ளையள் எப்பிடிப் பாக்கினம் எண்டு நேரில போய்ப் பாருங்கோ” என்று என்னைக் கிண்ணியாவுக்கு அனுப்பினார். பரீதா என்ற தாயின் வீட்டில், அவருடைய நான்கு வயது மகளுக்குப் பக்கத்தில் இருந்து என்னையே நான் பார்த்தேன்.

நான் ‘அ’ எழுதி முடிக்க முன்னமே பிள்ளை எழும்பி, முற்றத்தில் மேய்ந்த கோழிக்குப் பின்னால் போய்விட்டாள். மிச்ச நேரம் முழுக்கப் பரீதாவும் கணவரும் அசையாமல் இருந்து பார்த்தார்கள். முடிந்ததும் தேத்தண்ணி வந்தது. மகள் வழமையில் எவ்வளவு நேரம் பார்ப்பாள் என்று கேட்டேன். பரீதா சொன்னார்: “புள்ள பாக்குறதில்ல ரீச்சர். நீங்க பாடுபட்டுச் சொல்றீங்களேண்டு நாங்கதான் இருந்து பாக்குறம்.”

பாடுகிற யானை

அதற்குப் பிறகு அரை மணித்தியாலத்தைத் துண்டு துண்டாக வெட்டினோம். இரண்டு நிமிடம் பாட்டு, இரண்டு நிமிடம் எழுத்து, இரண்டு நிமிடம் எண். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை. பிள்ளைகள் எழும்பாமல் இருந்து பார்த்தார்கள். இனிக் கவலையில்லை என்று நினைத்தோம்.

‘யா’ எழுத்துக்குத் துணியில் ஒரு யானை செய்திருந்தோம். வாழைப்பழம் கொடுத்தால் தும்பிக்கையைத் தூக்கிப் பாடும். அதே நிகழ்ச்சியின் கடைசித் துண்டில், காட்டு யானையைக் கண்டால் வீட்டுக்குள் ஓடவேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். தம்பலகாமத்தில் ஒரு பின்னேரம், யோகநாதன் என்ற விவசாயியின் சின்ன மகள், வேலியோரம் வந்து நின்ற தனியன் யானையை நோக்கி வாழைப்பழத்தோடு நடந்து போயிருக்கிறாள். வயலால் வந்துகொண்டிருந்த தகப்பன் உழவு இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கியதால் பிள்ளை தப்பினாள். யானை வேலியைச் சரித்து, குசினிச் சுவரை இடித்துவிட்டுப் போனது.

அடுத்த நாள் அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. நான் அந்தக் கடைசித் துண்டைப் போட்டுக் காட்டி, எச்சரிக்கை சொல்லியிருக்கிறோமே என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் அதை முழுக்கப் பார்த்தார். பிறகு சொன்னார்: “நீங்கள் இதில சொல்லுற யானை வேற யானை எண்டு அவள் நினைச்சிருக்கிறாள் ரீச்சர். அவளுக்குத் தெரிஞ்ச யானை பாட்டுப் படிக்கிற யானைதான்.”

ஐந்து விநாடி

அந்த வருசமே துண்டுகளைக் கைவிட்டு, நிகழ்ச்சி முழுக்க ஒரே கதையாக மாற்றினோம். கதைக்கு நடுவில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, ஐந்து விநாடி ஒன்றும் பேசாமல் கமராவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் இருக்கிற பிள்ளை பதில் சொல்லத்தான் அந்த நேரம். முதல் கிழமை, சத்தம் வரவில்லை என்று அழைப்புகள் ஓயவில்லை. செல்வராசாவும் அந்த இடைவெளிகளை வெட்டிவிடுவோம் என்றுதான் நின்றார்.

கட்டைபறிச்சானிலிருந்து மலர்விழி என்ற தாய் மகனையும் கூட்டிக்கொண்டு எங்களைத் தேடி வந்தது அப்போதுதான். நான்கு வயது முடிந்தும் அவன் ஒரு சொல்லும் பேசியதில்லை. ஊமை என்று ஊரில் முடிவுகட்டிவிட்டார்கள். ஒருநாள் அவர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்க, ரீவியில் நான், “இந்த வள்ளம் என்ன நிறம்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறேன். “நீலம்” என்று ஒரு குரல் கேட்டது. ஓடிவந்து பார்த்தால் மகன், அடுத்த கேள்விக்காக ரீவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வைத்தியரிடம் காட்டியபோது, காது சரியாகக் கேட்பதில்லை என்று தெரியவந்தது. அதற்கு வைத்தியம் தொடங்கியிருந்தார்கள். அன்று அவன் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எங்களோடு ஒன்றும் கதைக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. இடைவெளிகளை வெட்டுகிற பேச்சைச் செல்வராசா பிறகு எடுக்கவேயில்லை. போகும்போது மலர்விழி சொன்னார்: “எல்லாரும் கேள்வியைக் கேட்டு, அவன் வாய் திறக்க முந்தியே பதிலையும் சொல்லிப்போடுவினம். நீங்கள்தான் பொறுத்திருந்தனீங்கள்.”

கைபேசிக்குள்

இப்போது பிள்ளைகள் ரீவிக்கு முன்னால் இல்லை. போன வருசம் அரை மணித்தியால நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு, கைபேசிக்கு மூன்று நிமிடக் காணொளிகள் செய்யத் தொடங்கினோம். அதற்குமேல் ஒருவரும் நிற்கமாட்டார்கள் என்று படத்தொகுப்பாளர் சிந்துஜா கண்டிப்பாக இருந்தாள்.

ஒருநாள் குவைத்திலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. வெருகல் பக்கத்துப் பெண். மூன்று வயது மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போனவர். கைபேசியில் முகம் காட்டிக் கதைத்தால் பிள்ளை முகத்தைத் திருப்பிவிடுகிறாள். அந்த முகம் அவளுக்கு மறந்துவிட்டது. அழைப்பைத் துண்டிக்காமல் எங்கள் காணொளியைப் போட்டால் மட்டும், தாய் அங்கேயும் மகள் இங்கேயுமாக இருவரும் சேர்ந்திருந்து பார்ப்பார்களாம். அதை நானும் சிந்துஜாவும் இரண்டு தரம் கேட்டோம். அடுத்த காணொளியை நான்கு நிமிடத்துக்குச் செய்தோம், சிந்துஜா மறுக்கவில்லை. அந்தத் தாய் கடைசியாகச் சொல்லியிருந்தது இதுதான்: “புதுசா ஒண்டும் படிப்பிக்கத் தேவையில்லை ரீச்சர், ஒரு நிமிசம் கூட்டிப் போடுங்கோ. முடிஞ்ச உடன அவள் எழும்பிப் போயிடுறாள்.”

பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம் படிப்பிக்கலாம் என்று பதினெட்டு வருசமாகத் தேடி, முப்பது நிமிடத்தில் தொடங்கி நான்கில் வந்து நிற்கிறேன். இப்படியே போனால் ஓய்வுபெறுகிற அன்றைக்கு வணக்கம் சொல்ல மட்டும்தான் எனக்கு நேரம் தருவார்கள்.