துணை மேயரின் நரை

சாயம் கலக்கும் அந்த வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணத்தை இப்போது நான் யாருக்கும் எடுப்பதில்லை. அடியில் கருப்பு ஏறிவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. யாங்கோனின் பபேடான் பகுதியில் என் அழகு நிலையத்தின் மேல் அலமாரியில் கவிழ்ந்து கிடக்கிறது. அதில் துணை மேயருக்கு மட்டும்தான் கலந்துகொண்டிருந்தேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சீன நகரத்துக்கு அவர் துணை மேயர். அந்த நகரம் யாங்கோனில் கட்டிக்கொண்டிருந்த சந்தைக் கட்டடத்தைப் பார்க்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருவார். எல்லையோரம் பிறந்தவர் என்பதால் பர்மிய மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓட்டல் சலூனுக்குப் போனால் கூட வந்த அதிகாரிகள் பார்த்துவிடுவார்கள் என்று, மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் என் கடைக்கு நடந்தே வருவார். அவர்கள் ஊரில் பதவியில் இருக்கும் அத்தனை பேருக்கும் தலை கருகருவென்று இருந்தாக வேண்டுமாம். "நரை தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, தங்கச்சி" என்பார். நான் அவரை சயா என்பேன், பர்மியத்தில் ஐயா. குடிநீர்ப் பிரிவில் குழாய்களைப் பார்த்து எழுதும் வேலையில் சேர்ந்து, ஊரிலுள்ள நிலமெல்லாம் தன் கையெழுத்துக்குக் காத்திருக்கும் நாற்காலிவரை ஏறிய கதையை எனக்குத் தவணை முறையில் சொல்லியிருக்கிறார். நன்றாகப் பெருமையடிப்பார், ஆனால் தலையை மட்டும் அசைக்க மாட்டார். அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது.

கேட்டது நான்தான். இங்கே வாலிபர்களைப் பட்டாளத்துக்கு எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். என் ஒரே மகனின் பெயர் வார்டு பட்டியலில் வந்துவிட்டது. கையில் தூரிகையோடு, கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். "சயா, எம்மகனுக்கு உங்க ஊர் காலேஜ்ல ஒரு இடம் கெடைக்குமா?" அவர் திரும்பவில்லை; திரும்பினால் சாயம் காதில் வழியும். "பேர எழுதிக் குடு" என்றார். அடுத்த மாதமே கடிதம் வந்தது, மகனும் போய்ச் சேர்ந்தான். அதன்பிறகு அவரிடம் கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. அப்படி ஆறு முறை.

பிறகு அவர் வரவில்லை. பல மாதம் கழித்து மகன் ஒரு வீடியோ அனுப்பினான். நீதிமன்றத்தில் தலைகுனிந்து நின்று, வாங்கிய வீடுகளையும் மைத்துனன் பெயருக்கு மாற்றிய நிலங்களையும் அவரே வாசித்துக்கொண்டிருந்தார். முடி நுனிவரை வெள்ளை. சாயம் பட்டு எட்டு மாதமாவது ஆகியிருக்கும், என் கடைக்கு வராமல் போனபோதே பிடித்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வந்திருந்த பெண்ணுக்கு முடி வெட்டி முடித்தேன்.

மறுவாரம் மகன் போன் செய்தான். "அவர் சிபாரிசுல சேந்தவங்கள எல்லாம் கூப்பிட்டு விசாரிக்கிறாங்கம்மா. அதுக்காக ஏதாவது குடுத்திருந்தா எங்கள ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்களாம். நீ அவருக்கு என்ன குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கலப்பா."

"நெசமா?"

"நெசமாத்தான்."

அவன் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். படிப்பு தொடர்கிறது. நாங்கள் குடியிருக்கும் தாமுவேயில் பக்கத்து வீட்டுப் பையனைப் போன மாதம் பட்டாளத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அவன் அம்மா என்னிடம்தான் முடி வெட்டிக்கொள்வாள். அவளோடு எனக்கு இப்போது பேச்சு வருவதில்லை.

நேற்று அலமாரியைத் துடைக்கும்போது அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். என் மகன் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருப்பது பொய் என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும்: எனக்கும், சிறையில் இருக்கும் அவருக்கும். அவர் வாசித்ததை மகனிடம் வரிவரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதில் நானும் இல்லை, நான் வாங்காத கூலியும் இல்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா, தெரியாது. கிண்ணத்தைப் பழையபடி கவிழ்த்து வைத்துவிட்டேன்.