பெண்களுக்கு மட்டும் ஸ்கூட்டர் வகுப்பு

கொட்டாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்னாலிருந்த காலி இடத்தில் நான் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்து வந்தேன். முகூர்த்த நாட்களில் வகுப்பு கிடையாது. மற்ற நாட்களிலும் பெரிய கூட்டம் இல்லை.

கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் என் தங்கை, "விளம்பரம் எல்லாம் இப்பம் நெட்டுலதான்க்கா" என்று சொல்லி எனக்கு ஒரு வலைப்பூ தொடங்கித் தந்தாள். பிரேக் பிடிப்பது எப்படி, கண்ணாடி பார்ப்பது எப்படி என்று ஏழு கட்டுரைகள் எழுதினேன். ஏழையும் தங்கை படித்தாள். வெளியாள் ஒருவர் ஒரே ஒரு பின்னூட்டம் போட்டார். அவர் முடி உதிர்வுக்கு எண்ணெய் விற்பவர்.

"ஆளு படம் போடுக்கா. பிரேக்க யாரு பாக்கப்போறா?" என்றாள் தங்கை. அடுத்து முகநூல் பக்கம் தொடங்கினோம்.

அந்த வாரம் லைசென்ஸ் வாங்கியவள் இராஜாக்கமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஒரு பெண். இரண்டு பிள்ளைகள், கணவர் சவுதியில். "ஒரு படம் எடுக்கட்டா?" என்று கேட்டேன். தலைமுடியைச் சரிசெய்து, வண்டியில் உட்கார்ந்து சிரித்தாள். படம் எங்கே போகும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வந்து நின்றாள்.

"டீச்சரே, படத்த எங்க போட்டிய?"

"முகநூலில."

"சவுதியில அவிய பாத்திட்டாவ. தையல் கிளாசுக்குப் போறேன்னுல்லா வீட்டில சொல்லி வச்சிருக்கேன்."

இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்த காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உடனே எடுத்துவிடுவதாகச் சொன்னேன்.

"இனி எடுத்து என்ன செய்ய? அங்க ரூம்ல உள்ள எல்லாரும் பாத்தாச்சு."

சாயங்காலம் அவள் கணவரே போன் செய்தார். மன்னிப்பு கேட்பதற்கு இரண்டு வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன்.

"டீச்சர், அவ எட்டு ஒரே தடவையில போட்டாளா?"

"ஒரே தடவைதான்."

"கால் ஊனலயா?"

"ஊனல்ல."

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை என்று தோன்றியது. "படம் கெடக்கட்டு, எடுக்காண்டாம்" என்று போனை வைத்தார்.

அதற்குப் பிறகு நான் போட்ட ஒவ்வொரு படத்தின் கீழும் அவர் எழுதினார். 'இடது முழங்கை உயர்ந்திருக்கிறது.' 'ஹெல்மெட் வார் தளர்ந்திருக்கிறது.' முழங்கை சரியாகத்தான் இருக்கிறது என்று அறைத்தோழர்கள் எழுதினார்கள். வாக்குவாதம் நீளும். யார் முழங்கை என்று பார்க்க ஊரில் உள்ளவர்களும் வந்தார்கள். அறைத்தோழர்களில் நான்கு பேர் தங்கள் மனைவிமாரை என்னிடம் சேர்த்தார்கள். நான் வகுப்பில் முழங்கையைக் கொஞ்சம் கவனிக்கத் தொடங்கினேன்.

"ஒங்க வீட்டுக்காரர் நெறைய எழுதுகாரு" என்று வழியில் பார்த்தபோது அவளிடம் சொன்னேன்.

"வெள்ளிக்கிழம அவியளுக்கு லீவு டீச்சர். எழுதட்டு."

அடுத்த வருடம் அவர் ஊருக்கு வந்தார். அவள் வண்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து மைதானத்துக்கு வந்து இறங்கினார். கையில் எனக்கு ஒரு சாக்லேட் டப்பா. மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டீச்சர், நமக்கு இது படிக்க எத்தன நாள் ஆவும்?"

எனக்குப் புரியவில்லை. அவள்தான் சொன்னாள்: "அவியளுக்கு சைக்கிள் மட்டுந்தான் தெரியும்."

பெண்களுக்கு மட்டும் என்று போர்டில் எழுதியிருப்பதைக் காட்டினேன். அவர் அதை முழுக்க வாசித்தார். "அது சரிதான்" என்றார். முகம் சின்னதாகிவிட்டது.

"நான் படிப்பிச்சுத் தாறேன், ஏறுங்க" என்று அவள் வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

இரண்டு மாத லீவில் அவர் ஒரு பின்னூட்டமும் போடவில்லை. மறுத்து எழுத ஆளில்லாமல் அறைத்தோழர்களும் அடங்கிவிட்டார்கள். நான் டயரில் காற்று அளவு பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். தங்கை லைக் போட்டாள்.

சவுதிக்குத் திரும்பிய பிறகு அவர் எழுதிய முதல் பின்னூட்டம், 'நன்றாக ஓட்டுகிறார், வாழ்த்துகள்.' படத்திலிருந்த பெண்ணின் இரண்டு முழங்கைகளும் உயர்ந்துதான் இருந்தன. என்ன ஆச்சு என்று தோழர்கள் கேட்டார்கள். அவர் பதில் எழுதவில்லை. அந்த மாதம் வகுப்பில் புதிதாக யாரும் சேரவில்லை.