பின்வாசலைத் திறந்த மங்கையக்கா

மங்கையற்கரசி அக்கா எங்கள் வாவி மோல் கடைத்தொகுதிக்கு வேலைக்கு வந்த முதல்நாள், நான் என் செருப்புக்கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சேலைக்கு மேலே செம்மஞ்சள் நிற மேலங்கி, தோளில் ஒரு பை, கையில் ரிக்கற் துண்டுக் கட்டு. களுவாஞ்சிக்குடியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். இந்த வேலையில் இவர் ஒரு மாதம் தாக்குப்பிடிக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். பக்கத்துக் கடை றிஸ்லானும் அப்படித்தான் சொன்னான்.

மோல் என்பது பெயருக்குத்தான். மட்டக்களப்பைத் தாண்டிக் கல்முனை வீதியில் தெற்கே வந்தால் வலப்பக்கம் தெரியும். கூரை கிடையாது. நடுவில் பெரிய முற்றம், சுற்றிவரக் கடைகள், பின்மதிலுக்கு அப்பால் ஒரு கிறவல் மண் பாதை, அதற்கும் அப்பால் வாவி. வாகனங்கள் எல்லாம் அந்த முற்றத்தில்தான் நிற்கும். தொடக்கத்தில் காசு வாங்கவில்லை. கந்தோருக்குப் போகிறவர்கள் காலையில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்ப் பின்னேரம் வந்து எடுத்தார்கள். கடைக்கு வருகிறவருக்கு நிற்க இடமில்லை. கடைசியில் மோலின் சொந்தக்காரர் அப்துல் மஜீத் ஹாஜியார், இனிமேல் தரிப்பிடத்துக்குக் கட்டணம் என்று பலகை போட்டார். அந்தக் கட்டணத்தை வாங்கத்தான் மங்கையக்கா வந்தார்.

சனம் லேசில் விடவில்லை. சிலர் வாசலோடு திருப்பிக்கொண்டு போனார்கள். சிலர் பெரிய வீதி ஓரத்தில் நிறுத்திவிட்டு, பொலிஸ் வந்தால் ஓடி ஓடி எடுத்தார்கள். ஒருவர் துண்டைக் கிழித்து அக்காவின் காலடியிலேயே போட்டுவிட்டுப் போனார். இன்னொரு இளைஞன், காற்றுக்கும் துண்டு கொடுப்பீர்களா என்று கேட்டான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"காத்து சும்மாதான் மனே," என்றார் அக்கா. "நிழலுக்குத்தான் காசு."

அப்போது முற்றத்தில் நிழல் என்று ஒன்றும் இருக்கவில்லை. அவன் சுற்றிப் பார்த்துவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தான். அக்காவும் சிரித்தார். ஆனால் மறுநாளே ஹாஜியாரிடம் அனுமதி வாங்கி, அந்த வாரக் கடைசியில் ஒரு லாண்ட் மாஸ்டர் வண்டி நிறையத் தென்னோலைக் கிடுகோடு வந்து இறங்கினார். கூடவே அவருடைய கணவர் வினாயகமூர்த்தியும் வந்தார். தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்ததில் இருந்து அவரால் மரம் ஏற ஏலாது. இருந்த இடத்திலிருந்தே கயிறு வரிந்து கொடுக்க, அக்கா கம்பு நட்டார். பின்னேரத்துக்குள் மதிலோரம் நீளத்துக்குக் கிடுகுப் பந்தல் எழும்பிவிட்டது. பங்குனி வெயிலில் மோட்டார் சைக்கிள் ஆசனம் சுடுவதை அறிந்த எவரும் அந்தப் பந்தலைத் தாண்டிப் போகவில்லை. வீதி ஓரத்தில் நின்றவை ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. எனக்கும் வியாபாரம் கொஞ்சம் நிமிர்ந்தது.

அக்காவுக்கு ஒரேயொரு குறை இருந்தது. முற்றத்துக்கு வருவதும் போவதும் ஒரே வாசலால். பின்மதிலில் கிறவல் பாதைக்கு ஒரு பெரிய கேற் இருந்தும், கட்டட வேலைக்கு மணல் ஏற்றி வரும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பூட்டித்தான் கிடந்தது. அதை வெளியே போகும் வழியாகத் திறந்துவிடச் சொல்லி அக்கா பலமுறை கேட்டார். காசு கொடுக்காமல் நழுவிவிடுவார்கள் என்று ஹாஜியார் மறுத்துவிட்டார். அவருடைய பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

சித்திரைப் புதுவருடத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடைகளிலும் மலிவு விற்பனை. மத்தியானம் முற்றம் நிரம்பி வழிந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்து ஒரு வான் வெளியே போக, வெளியே இருந்து ஒரு சின்ன லொறி உள்ளே வர, இரண்டும் வாசலில் முகத்துக்கு முகம் நின்றுவிட்டன. லொறிக்குப் பின்னால் பெரிய வீதிவரை வரிசை. வானுக்குப் பின்னால் முற்றம் முழுவதும். ஒருவராலும் பின்னால் எடுக்க முடியவில்லை. ஹோர்ன் சத்தத்தில் கடைக்குள் பேசினால் கேட்கவில்லை.

முற்றத்தின் நடுவே ஒரு வெள்ளைக் காரில் மாப்பிள்ளை ஒருவர் இருந்தார். காத்தான்குடியைச் சேர்ந்த ஹில்மி. தைக்கக் கொடுத்த கோட்டை வாங்க வந்தவர். அன்று பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஓட்டமாவடியில் பெண் வீட்டில் நிக்காஹ். ஒரு கையில் கோட்டு, மற்றக் கையில் விடாமல் அடிக்கும் தொலைபேசி. இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று சொல்லிச் சொல்லி அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது.

மங்கையக்கா முன்வாசலில் நின்று பார்த்தார். இந்தப் பக்கம் அவிழாது என்று தெரிந்ததும் திரும்பிப் பின்மதிலை நோக்கி நடந்தார். நானும் பின்னால் போனேன். பின்கேற் திறந்துதான் கிடந்தது. ஆனால் கேற்றின் குறுக்கே மணலைப் பறித்துக் கொட்டிய உழவு இயந்திரம், பின்னால் பூட்டிய பெட்டியோடு மாட்டிக்கொண்டு நின்றது. அதை ஓட்டிய திவாகரன் வேலைக்குப் புதிது. முன்னால் எடுக்க இடமில்லாமல் பின்னால் எடுக்கப் பார்த்திருக்கிறான். பெட்டி மடங்கி மதிலில் இடித்துவிட்டது. மறுபடியும் எடுத்தான். மறுபடியும் மடங்கியது. வியர்த்துக்கொட்ட இருந்தான்.

"இறங்கு மனே, நான் எடுக்கிறன்," என்றார் அக்கா.

அவன் இறங்கினான். அக்கா சேலையைச் செருகிக்கொண்டு ஏறினார். சுற்றி நின்றவர்கள் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். விழுந்தால் படம் எடுக்கத்தான் என்று நினைக்கிறேன்.

அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாத கதை ஒன்று உண்டு. அக்காவின் தகப்பனுக்கு, வாவியின் அக்கரையான படுவான்கரையில் வயல் வட்டை இருந்தது, ஆண்பிள்ளை இல்லை. பதினாறு வயதிலிருந்தே அந்த வட்டையில் உழவு இயந்திரத்தால் உழுததும், சூடடித்த நெல்லைப் பெட்டியில் ஏற்றி ஒற்றை வரம்புப் பாதையால் கொண்டுவந்ததும் மங்கையற்கரசிதான். எதிரே இன்னொரு பெட்டி வந்தால், பாரத்தோடு பாதை முழுவதும் பின்னால் எடுக்கவேண்டும். கணவரின் வைத்தியத்துக்காக விற்கும்வரை அந்த இயந்திரம் அவருடைய கையில்தான் இருந்தது.

இதையெல்லாம் அக்கா பிறகு சொன்னார். ஏறியதும் முதலில், மதிலில் முட்டிய பெட்டி நேராகும் அளவுக்கு ஒரு முழம் முன்னால் எடுத்தார். பிறகு கழுத்தைத் திருப்பிப் பெட்டியின் மூலையை மட்டும் பார்த்தபடி, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் மெல்ல ஒடித்தார். பெட்டி கேற்றுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் ஒரு கை நுழைய இடமில்லை. உரசவில்லை. பெட்டி போன வழியே இயந்திரமும் போய், கிறவல் பாதையில் வாவியோரமாக ஒதுங்கி நின்றது.

திவாகரன்தான் முதலில் கை தட்டினான். முற்றம் முழுவதும் தட்டியது.

அக்கா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கேற்றில் நின்று பின்வரிசை வாகனங்களை ஒவ்வொன்றாக வெளியே விடத் தொடங்கினார். ஹில்மி ஓடிவந்து, நிக்காஹ்வைச் சொல்லித் தன்னை முதலில் விடும்படி கெஞ்சினார்.

"மாப்புள்ள, நீங்க நாலாவது," என்றார் அக்கா. "உங்களுக்கு முன்னுக்கு நிக்கிற மூண்டும் போகாம உங்கட கார் பறக்கவா போகுது? போய்க் காருல இருங்க. அஸருக்கு முன்னம் ஓட்டமாவடியில நிப்பீங்க."

இதற்குள் ஹாஜியார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். ஒருவரும் காசு கொடுக்காமல் போவதைப் பார்த்து அவருக்குப் பதற்றம்.

"இண்டைக்கு விடுங்க ஹாஜியார்," என்றார் அக்கா. "இண்டைக்கு அடைபட்டுக் கிடந்தவன் நாளைக்கு வரமாட்டான்."

ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்துக்குள் இறங்கி, அவரும் கைகாட்டி வாகனங்களை அனுப்பத் தொடங்கினார். நாலாவதாக வெள்ளைக் கார் போனது. வாசலில் முகம் பார்த்து நின்ற வான் பின்னால் வர இடம் கிடைத்தது. லொறி உள்ளே வந்தது. பெரிய வீதி அவிழ்ந்தது. பின்கேற்றால் போனவர்கள் அக்காவைத் தாண்டும்போது ஒருதரம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார்கள். அந்த ஹோர்ன் சத்தம் காதுக்கு இனிமையாக இருந்தது. மாப்பிள்ளை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாராம், தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கக்கூட நேரம் இருந்ததாம்.

மறுநாள் காலை கடைக்காரர் எல்லோரும் பார்க்க ஹாஜியார் அக்காவிடம் வந்தார்.

"நீங்க சொன்னத்த நான் கேக்கல்ல தங்கச்சி. இனி அந்தக் கேற் திறந்துதான் கிடக்கும். இந்த முத்தம் முழுக்க உங்கட பொறுப்பு."

அக்கா உடனே தலையாட்டவில்லை. தனியாக ஏலாது என்றார். பின்வாசலுக்கு இன்னொரு பெண் வேண்டும், அவளுக்கும் தனக்கும் இருக்கக் கதிரை வேண்டும், வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்றார். ஹாஜியார் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். புதுவருடத்துக்கு முந்திய நாள் சனம் அலையாக வந்தது. ஒரு வாகனமும் ஒரு நிமிடத்துக்கு மேல் அடைபடவில்லை. றிஸ்லான் கடையைவிட்டு வெளியே வந்து அதை வேடிக்கை பார்த்தான்.

போன மாதம் கல்முனைப் பக்கம் புதிதாக ஒரு கடைத்தொகுதி கட்டுகிறவர்கள் ஆள் அனுப்பி அக்காவைக் கேட்டார்கள். கட்டி முடியுமுன்னம் முற்றத்தை வந்து பார்த்துச் சொல்லவேண்டுமாம். அக்கா கணவரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். செம்மஞ்சள் மேலங்கி இல்லை, நல்ல பட்டுச் சேலை. பஸ் ஏறுமுன் என் கடைக்கு வந்து ஒரு சோடி செருப்பு வாங்கினார். குதி உயரம் இல்லாததாகப் பார்த்து எடுத்தார், நிலம் முழுக்க நடந்து பார்க்கவேண்டுமே என்றார்.