ஜெட்டியில் சித்தியின் முகம்

அந்தமானின் மாயாபந்தர் ஜெட்டியில் டுங்கி என்னும் மீன்பிடிப் படகுகளுக்குப் பெயரும் நம்பரும் எழுதுவது அப்போது என் வேலை. இலங்கையில் போர் முற்றியிருந்த மாதங்கள். அம்மாவும் அவள் தங்கையும் அங்கே மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அம்மா கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தாள். சித்தி கலவரத்துக்குப் பயந்து வன்னிக்குப் போனாள். பொங்கலுக்குப் பிறகு சித்தியிடமிருந்து போனே இல்லை.

எங்களைப் போல அங்கிருந்து வந்த குடும்பங்கள், ஒரு பகல் முழுக்க ஜெட்டியில் உட்கார்ந்து போரை நிறுத்தச் சொல்வது என்று முடிவு செய்தன. பெயிண்ட் டப்பா வைத்திருப்பவன் நான்தான் என்பதால் போஸ்டர் என் தலையில் விழுந்தது.

எனக்கு எழுத்துதான் வரும், மனிதர்களை வரைந்ததில்லை. பெட்டி அட்டையில் வெள்ளை அடித்து, எரியும் குடிசையையும் அதன் முன் ரத்தத்தில் கிடக்கும் ஒரு பெண்ணையும் வரைந்தேன். வீட்டிலிருந்த ஒரே போட்டோவைப் பார்த்து அவளுக்குச் சித்தியின் முகத்தைக் கொடுத்தேன். சாயல் வந்துவிட்டதில் கொஞ்சம் பெருமைகூட.

அம்மா வந்து பார்த்தாள்.

“அவ செத்துட்டான்னு உனக்கு யாரு சொன்னா?”

“இல்லம்மா, இப்பிடிப் போட்டாத்தான் நாலு பேர் நின்னு பாப்பாங்க.”

“நாலு பேர் பாக்கணும்னு என் தங்கச்சிய நீயே கொல்லுவியா?”

மறுபடி வெள்ளை அடித்தேன். சிவப்பு மறைய மூன்று பூச்சு பிடித்தது. முகத்தை மட்டும் வரைந்து, தமிழ் வாசிப்பவர்கள் அங்கே குறைவு என்பதால் அடியில் இந்தியில் எழுதினேன்: ‘யே மேரி மௌசி ஹை.’ இது என் சித்தி.

ஜெட்டியில் கான்ஸ்டபிள் ஒட்ட விடவில்லை. “தீவார் பே நஹி. ஹாத் மே பகடோ” என்றார். சுவரில் கூடாது, கையில் பிடித்துக்கொள். அதனால் பகல் முழுக்க அட்டையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றேன். படகேற வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தையும் பார்த்தார்கள்.

மீன் விற்கும் வங்காளி அம்மா ஒருத்தி கூடையை இறக்கினாள். “மௌசி கிதர் ஹை?” சித்தி எங்கே என்று கேட்டாள்.

“மாலூம் நஹி.” தெரியாது என்றேன்.

“ஹமாரா தீதி பி உதர் ரஹ் கயா” என்றாள். அவளுடைய அக்காவும் வங்கதேச எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாளாம். மீன் வெயிலில் கிடக்க, வெகுநேரம் என் பக்கத்தில் நின்றாள்.

போர் நின்றுவிடவில்லை. அது முடிந்து பல மாதம் கழித்து முகாமிலிருந்து போன் வந்தது. சித்தி உயிரோடு இருந்தாள். சித்தப்பா இல்லை. அம்மா போனைக் காதில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஜெட்டியில் அந்த மீன்காரம்மாவைத் தேடிப்போய்ச் சொன்னேன்: “மௌசி மில் கயி.” சித்தி கிடைத்துவிட்டாள். அவள் சிரித்து என் முதுகில் ஓங்கித் தட்டினாள். சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. போட்டோவில் அவர் இல்லை. அவர் முகம் எனக்கே தெரியாது.