பூ விட்ட நாற்றைத் தராத அம்மா

எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸ் பக்கம் போகுமா என்று பெரியவர்கள் அடித்துக்கொண்டிருந்த வருஷங்கள். இரண்டு பாஷையிலும் கையெழுத்துப் போடத் தெரியாத எனக்கு எந்த ராஜ்யமானால் என்ன? என் கவலையெல்லாம் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொல்லைதான். இரண்டு வருஷமாக நான் வைத்த கத்திரியெல்லாம் காய்ந்து சுள்ளியாகிவிட்டது.

"இந்தத் தாட்டியும் காஞ்சிச்சினா அங்க என் தம்பி எருமைய கட்டிக்குவான்" என்று பெண்டாட்டி சொல்லிவிட்டாள்.

மாசிப் பனி விட்டதும் புத்தூர் சந்தைக்குப் போனேன். ஈரமண் கூடைகளுக்கு நடுவே நாற்று விற்கிற அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். உயரமாக வளர்ந்து பூவும் விட்டிருந்த நாற்றில் கை வைத்தேன். ஊர் போய்ச் சேர்வதற்குள் காய்த்துவிடும் என்று கணக்கு.

புறங்கையில் ஒரு அடி விழுந்தது. "அது முத்தின நாத்து நைனா, நட்டா புடிக்காது. ஒசரத்தப் பாத்து மயங்கிக்கினு நிக்கிறியே, பொண்ணு பாக்கறப்பவும் இப்டித்தானா?"

"இல்லம்மா, அங்க ஏமாந்தது அவங்க."

சிரித்துக்கொண்டே ஒரு குட்டை நாற்றைக் காட்டினாள். தண்டு பருமனாக இருந்தது. இலையைத் திருப்பினாள், அடியில் ஒரு பூச்சி இல்லை. ஒன்றைப் பிடுங்கிக் காட்டினாள். வேர் வெள்ளைவெளேர் என்றிருந்தது.

"குடும்மா."

"பஸ்ஸு எப்போ?"

"பொழுது சாயத்தான்."

"அப்ப பஸ்ஸு வந்தப்புறம் வா. இப்பவே புடுங்கித் தந்தா வெயில்ல ஊர்கோலம் வுட்டுக்கினு திரிவே."

கையில் திணித்து அனுப்புகிற வியாபாரிகளைத்தான் பார்த்திருக்கிறேன். விரட்டுகிறவளை அன்றுதான் பார்த்தேன்.

பஸ் வந்ததும் ஓடினேன். அவள் ஒவ்வொன்றாக மண்ணோடு தோண்டியெடுத்து, வேரைச் சேற்றில் முக்கி, ஈர வாழைமட்டையில் சுற்றினாள்.

"யம்மா, பஸ்ஸு போயிடும்!"

"போனா போவட்டும். வேரு அறுந்தா நீ என்னைத் திட்டுவே."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். விசில் ஊதப்போனவர் நிறுத்திக்கொண்டார். "அந்தம்மாகிட்டயா வாங்கறே? கட்டி முடிக்கட்டும், இரு" என்றார். அவருக்காகக்கூட அவள் கை வேகம் பிடிக்கவில்லை.

ஊரில் இறங்கியதும் லாந்தர் வெளிச்சத்திலேயே நட்டுவிட்டேன். மறுநாள் மத்தியானம் அத்தனையும் தலை தொங்கிக் கிடந்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், ஒன்று விடாமல் நிமிர்ந்து நின்றன.

பின்னால் வந்து பார்த்த பெண்டாட்டி போய் ஒரு சுமை வேலமுள் வெட்டிவந்து சுற்றிலும் வேலி போட்டாள். நான் உள்ளே நுழையப் போனேன்.

"நீ வெளிய நில்லு. இத்தினி நாளு அதுங்க காஞ்சது உன் கையாலதான். தண்ணி நான் ஊத்திக்கிறேன்."