வெறுந்தறிச் சத்தம்

நான் கோபக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்குச் சுகாதார அதிகாரியாக இருந்தேன். நான் ஆபீஸுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கோடையில் காலரா வந்தது. ஊருணிகள் வற்றிச் சேறாகிவிட்டன. மிச்சமிருந்த தண்ணீரை எல்லாரும் பங்குபோட்டுக் குடித்தார்கள், நோயும் அப்படியே பங்காயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த இரண்டு டாக்டர்களை மூன்று மாதக் களப்பயிற்சிக்கு என்னிடம் அனுப்பினார்கள். ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர், ஒல்லி. எழுதியதையெல்லாம் அடித்து அடித்துத் திருத்துவார். இன்னொருவர் மதுரைக்காரப் பெண், கேட்டால்தான் பேசுவார். பயிற்சி முடிந்து நான் கையெழுத்துப் போட்டால்தான் இருவரும் பரீட்சைக்கு உட்கார முடியும்.

முதல் நாளே ஒரு சட்டம் போட்டேன்.

"கையைக் கழுவணும். கொதிக்கக் கொதிக்கத்தான் சாப்பிடணும். இந்த ரெண்டையும் செய்றவனுக்குக் காலரா வராது. காலரா கேம்ப்புல காலரா வாங்கிக்கிற டாக்டருக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். டாக்டருன்னு போர்டு மாட்டிக்கிட்டு அலையிற நோயாளிக்கு எதுக்குய்யா பட்டம்?"

இருவரும் தலையாட்டினார்கள். பிறகு ஒரு கேள்வி கேட்டேன். இந்த ஊர்க்காரர்கள் நோயை ஏன் மறைக்கிறார்கள்?

"அறியாமை சார்" என்றார் மதுரைக்காரர்.

"சரி. நீங்க?"

"தெரியலை சார்" என்றார் தஞ்சாவூர்க்காரர்.

"தெரியாட்டித் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. மூணு மாசம் டயம் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தேன். என் சிரிப்பும் கோபம் மாதிரித்தான் இருக்கும்.

மறைக்கிறவர்களைக் கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். நெசவாளர் தெருக்களில் விடிந்ததிலிருந்து தறி ஓடும். வேலை நாளில் ஒரு வீட்டில் தறி ஓடவில்லை என்றால் உள்ளே ஆள் படுத்திருக்கிறது என்று அர்த்தம். தெருவில் நடந்து காதால் கேட்டால் போதும், வாயால் கேட்டுப் பிரயோசனமில்லை. எங்களைக் கண்டதும் வீட்டுக்குள் கேட்ட தெலுங்குப் பேச்சு நின்றுவிடும். கதவைத் திறந்து தமிழில், "எல்லாரும் சௌக்கியமா இருக்கோம் எசமான்" என்பார்கள். நோயாளியைக் கண்டுபிடித்தால் ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோவோம். வீட்டுக் கதவில் தாரால் ஒரு வட்டம் போடுவோம்.

தார் வட்டம் போட்ட வீட்டுக்காரர் தறியில் ஏற்றவேண்டிய நீள நூலை, பாவை, தெருவில் விரிக்க முடியாது. பாவு நீட்டிப் பிடிக்க நாலு வீட்டு ஆள் வேண்டும், ஒருவரும் வரமாட்டார்கள். நூல் கொடுக்கிறவரும் அந்த வாசல் பக்கம் தலைவைக்க மாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. நோய் பரவாமல் இருக்கிறதல்லவா, அதுவே நல்லது என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் வாரம் ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. பரவாயில்லை என்று நானும் மதுரைக்காரரும் திரும்பிவிட்டோம். தஞ்சாவூர்க்காரர் மட்டும் ஒரு சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

"என்னய்யா, மயக்கமா?"

"இல்ல சார். இந்தத் தறி நூல் இல்லாம ஓடுது."

நானும் காதைக் கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆளுக்கு நல்ல காது. நூல் இருந்தால் அதை நெருக்கி அடிக்கும் பலகையின் சத்தம் மந்தமாக வரும். இங்கே மரத்தில் மரம் மோதிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளினோம். ஒரு பெண் தறிக்குழியில் உட்கார்ந்து வெறுந்தறியை ஓட்டிக்கொண்டிருந்தார். தறிக்குப் பின்னால் சாக்கில் அவருடைய கணவர் கண் குழிந்து கிடந்தார்.

"அவுகளைக் கூட்டிட்டுப் போங்க, காப்பாத்துங்க. கதவுல மட்டும் பூசிறாதீக எசமான்" என்று அந்தப் பெண் காலில் விழுந்தார். கணவருக்கு நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினோம், பிழைத்துக்கொண்டார். கதவில் தார் பூசச் சொன்னேன். தஞ்சாவூர்க்காரர் என்னைப் பார்த்தபடி நின்றார். "என்ன பார்வை? நடங்க" என்றேன்.

அடுத்த மாதம் அவரைத் திருச்சுழிக்கு அனுப்பினேன். குண்டாற்றங்கரை ஊர் ஒன்றில் பள்ளிக்கூடக் கட்டிடம் கேம்ப்பாகியிருந்தது. தினமும் காலையில், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ்ஸில் முந்திய நாள் ரிப்போர்ட் வரும். எப்போதும் போல ஒரே அடித்தல் திருத்தல். நாள் முழுவதும் ஆள் வர வர எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே இருப்பார். படிப்பதற்குள் எனக்குக் கண் வலிக்கும், சிவப்பு மையில் திட்டி எழுதித் திருப்பி அனுப்புவேன்.

பிறகு ஒரு நாள் சுத்தமான ரிப்போர்ட் வந்தது. மறுநாளும் அப்படியே, மூன்றாம் நாளும் அப்படியே. ஒரு அடித்தல் கிடையாது, எழுத்து முத்து முத்தாக இருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று தாளையும் மதுரைக்காரரிடம் நீட்டினேன்.

"பாருங்கம்மா. திட்டினாத்தான் ஆளு தேறுவான்."

அவர் மூன்றையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சார், இது நூல் இல்லாம ஓடுது."

தாள்களைப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்றும் ஒரே மை, ஒரே கோணத்தில் சாய்ந்த எழுத்து. ஒரே உட்காரலில் எழுதியவை. அங்கே ஆள் படுத்திருக்கிறது என்று அர்த்தம். வந்த பஸ் திரும்பிப் போவதற்குள் சலைன் புட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டோம். கரி பஸ் பத்து மைலுக்கு எத்தனை முறை நிற்கும்! ஒவ்வொரு முறையும் டிரைவரைப் பார்த்துக் கத்தினேன்.

கேம்ப்பில் தேறிவந்துகொண்டிருந்த இரண்டு பேர்தான் இருந்தார்கள். காவலாள் என்னைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டார். "டாக்டரய்யாவுக்கு மேலுக்குச் சொகமில்லை. மூணு தாளையும் மொதல்லயே எழுதிக் குடுத்துட்டாக. தெனம் ஒண்ணா பஸ்ஸுல குடுக்கச் சொன்னாக. அதுக்குள்ள எந்திரிச்சிருவேன்னாக. நான்தான் உப்புப் போட்டுக் கஞ்சித் தண்ணி குடுத்துக்கிட்டு இருக்கேன்."

பின்னறையில், பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் கிடந்தார். விரல்கள் சுருங்கியிருந்தன. மணிக்கட்டில் நாடி இல்லை. கையில் நரம்பு கிடைக்கவில்லை, கணுக்காலில் கீறித்தான் எடுக்க வேண்டும். நூறு பேருக்கு அதைச் செய்தவன் நான். அன்று இரண்டு முறை கீறியும் எனக்கு நரம்பு அகப்படவில்லை.

"தள்ளுங்க சார்" என்று மதுரைக்காரர் கத்தியை வாங்கிக்கொண்டார்.

ஐந்தாவது புட்டியில் நாடி வந்தது. ஆனால் காலராவில் நாடி வந்தால் மட்டும் போதாது. நீர் பிரிய வேண்டும். சிறுநீரகம் நின்றுபோனால் நாடியோடேயே ஆள் போய்விடும். மறுநாள் மத்தியானம்வரை ஒரு சொட்டு இல்லை. நான் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெற்றவர்களுக்கு என்னவென்று தந்தி கொடுப்பது என்று மனசு வாசகம் எழுத ஆரம்பித்துவிட்டது. எழுதாதே என்று என்னையே திட்டினேன். வேண்டாத தெய்வமில்லை.

மத்தியானம் அவர் ஏதோ முனகினார். பாட்டிலைப் பிடித்தேன். அரை அவுன்ஸ் இருக்கும், தேயிலைச் சாயம்போல் கறுத்த நீர். சாயந்திரத்துக்குள் இன்னும் கொஞ்சம். "பிரிஞ்சிருச்சு! பிரிஞ்சிருச்சும்மா!" என்று பாட்டிலும் கையுமாக வராந்தாவுக்கு ஓடினேன். மதுரைக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. வந்ததை மறைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். "ஏன்யா எனக்கு ஒரு வரி எழுதலை? பத்து மைல்தானே?"

"கையெழுத்துப் போயிடும்னு நெனச்சேன் சார். சொல்லாம இருந்தாப் பொழைச்சாலும் பொழைச்சுக்கலாம்னு தோணிச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "முதல் நாள் ஒரு கேள்வி கேட்டீங்களே சார். இப்ப பதில் சொல்லலாமா?"

"வேண்டாம்யா. தூங்கு" என்றேன்.

அந்த மூன்று தாளையும் நான் மேலே அனுப்பவில்லை. சான்றிதழில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அவர் தலையணைக்கடியில் வைத்தேன். அருப்புக்கோட்டை திரும்பியதும் தார் டின்னை எடுத்துப் போகச் சொன்னேன். இனி ஒரு கதவிலும் பூசக் கூடாது என்று ஆட்களிடம் சொன்னேன். நம்பாமல் பார்த்தார்கள். நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, பியூனைக்கூடக் கூப்பிடாமல் தனியாக, வெறுந்தறி ஓடிய அந்தத் தெருவுக்கு நடந்தேன்.

பழைய தார் வட்டம் அந்த வீட்டுக் கதவில் அப்படியே இருந்தது. பாதி சுரண்டியிருந்தார்கள். உள்ளே தறிச் சத்தம் இல்லை. யாரோ எட்டிப் பார்த்து உள்ளே போனார்கள். உடனே தறி ஓட ஆரம்பித்தது. மரத்தில் மரம் மோதுகிற சத்தம்.

"நான்தான்மா. தார் பூச மாட்டேன். கதவைத் திறங்க" என்றேன்.

உள்ளே தறி இன்னும் வேகமாக ஓடியது.