பூசைக்குப் போன வேதியியல் புத்தகம்

1961இல் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் வாழ்ந்த தையல்நாயகிக்கு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாய் கழுவும் வேலை. கரிம வேதியியல் தேர்வில் தேறினால் உதவியாளர் ஆகலாம். பழைய புத்தகக் கடைகளில் அலைந்து, வினைகளைப் படிப்படியாக விளக்கும் மெல்லிய நூலொன்றைத் தேர்ந்தெடுத்தார். அண்ணன் வைரக்கண்ணுவோ, பார்க்கக் கௌரவமாக இருக்குமென்று தலையணை போன்ற ஒன்றை வாங்கிவந்தார்.

தேர்வுக்கு முதல் நாள் சரஸ்வதி பூசை. அண்ணன் இரண்டு நூல்களையும் படத்தின்முன் அடுக்கிக் குங்குமம் வைத்தார்.

"இன்னைக்குப் புத்தகத்தைத் தொடக்கூடாது. சாமி குத்தம்!"

"நாளைக்கு நான் தோத்தா, சாமியா வந்து குழாய் கழுவும்? உங்க குண்டுப் புத்தகம் அங்கேயே இருக்கட்டும்ணே!"

படிக்கவேண்டிய நாளில் படிப்பைப் பறிப்பதா பக்தி? தையல்நாயகி மெல்லிய நூலை உருவினார், குங்குமத்தைத் துடைத்தார், பூசைக்குக் கூடியிருந்த வீட்டார் எல்லார் கண்முன்னும் உட்கார்ந்து படித்தார்.